இருபது கிலோ பயணி

புகார் எண் எதுவும் இல்லை.
வண்டியோடு நேரே வந்துவிட்டார்.
ஷார்ஜா, நாலாம் இண்டஸ்ட்ரியல் ஏரியா,
டயர்க் கடைக்கும் சாயாக் கடைக்கும் நடுவில் எங்கள் ஷெட்.
மீட்டருக்கு ஈயம் வைத்து முத்திரை குத்துவது,
சீட்டுக்கு அடியில் சென்சார் பதிப்பது,
டிரைவர் முகத்துக்கு நேரே கேமராவைத் திருகுவது
என் வேலை.

குல் சமான். பண்ணுக்காரர். ஆறடிக்கு மேல்.
என் இந்தியும் அவர் இந்தியும்
கல்யாண வீட்டில் மட்டும் பார்த்துக்கொள்ளும்
தூரத்துச் சொந்தம்.
அதனால் கையாலும் சொன்னார்.

டூட்டி முடிந்து அறைக்குப் போகிற வழி.
ரோலாவில் அரிசி வாங்கியிருக்கிறார்.
டிக்கியில் ஸ்டெப்னி, தண்ணீர்க் கேன், துவைக்காத சட்டைகள்.
மூட்டையைப் பின்சீட்டில் சாய்த்து
கதவைச் சாத்தினார்.
மீட்டர் எழுந்துகொண்டது.

ஒரு பெண்குரல் மூன்று மொழிகளில்
அரிசியை வரவேற்றது.

அறை வாசல்வரை இருபத்து மூன்றரை திர்ஹம்.
அரிசி கொடுக்கவில்லை.
சம்பளத்தில் பிடித்தார்கள்.
பயணி பெல்ட் போடவில்லை என்று
இன்னொரு ஐம்பது.

பதினெட்டுக் கிலோவுக்குக் கீழே என்றால் பை.
மேலே என்றால் ஆள்.
அந்த எண்ணை முடிவுசெய்தது நான் இல்லை.
ஏழு வருஷமாக
ஒவ்வொரு வண்டியிலும் அதைப் பதித்தது நான்தான்.

காரணம் இல்லாமல் இல்லை.
மீட்டரைத் தூங்கவிட்டு
அஜ்மான்வரை ரொக்கத்துக்கு ஆள் ஏற்றியவர்கள் உண்டு.
இவரும் ஏற்றியிருக்கலாம்.
நான் கேட்கவில்லை.

அவரும் ஒன்று கேட்கவில்லை:
தேய்ந்த டயர் சின்ன வட்டம்,
சின்ன வட்டம் அதிகம் சுற்றும்,
கிலோமீட்டர் ஒரு மூச்சு முன்னாலேயே முடிந்துவிடும்.
அந்தச் சில்லறை கம்பெனிக்குப் போகிறது.
அதற்காக இந்த ஷெட்டுக்குள்
ஒரு வண்டியும் வந்ததில்லை.

சோதிக்க வேண்டும். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
எழுபத்தோரு கிலோ.
கதவைச் சாத்தினேன்.
அதே குரல், அதே மரியாதை.
பழக்கத்தில் அவர் கை கியருக்குப் போனது.
கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:
எங்கே?

கேட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.
யாரும் சிரிக்கவில்லை.
அவரைக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே ஏசி.
வண்டி நகராவிட்டால்
நிமிஷத்துக்கு அரை திர்ஹம், காத்திருப்புக் கட்டணம்.
ஒரு நிமிஷம் போதும் சோதனைக்கு.
ஆறு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.
அவரும் இறங்கச் சொல்லவில்லை.
அவர் கழுத்துப் பட்டை உள்பக்கம் நைந்திருந்தது.
பின்சீட்டிலிருந்துதான் அது தெரியும்.

ரசீது வந்தது.
தூரம்: பூஜ்யம்.

சென்சாரில் கோளாறே இல்லை.
அதுதான் கோளாறு.
ஆனால் திரையில் இரண்டே கட்டங்கள்:
சரி, பழுது.
அரிசிக்கு மூன்றாவது கட்டம் யாரும் வரைந்து வைக்கவில்லை.

பழுது என்பதைத் தொட்டேன்.
காரணம் கேட்டது.
ஈரம் என்று போட்டேன்.
ஆகஸ்டில், இந்த ஊரில்,
யார் மறுக்க முடியும்?

நல்ல சென்சாரைக் கழற்றி
இன்னொரு நல்ல சென்சாரை வைத்தேன்.
அதே பதினெட்டு.
முத்திரை குத்தினேன்.
இருபத்து மூன்றரை ஒருவேளை திரும்பி வரும் என்றேன்,
ஐம்பது வராது.
தலையாட்டினார். இரண்டையும் ஒரே மாதிரி.

இனிமேல் பத்துக் கிலோவாக வாங்குங்களேன்.

அறையில், என்றார்
வண்டியை ரிவர்ஸில் எடுத்துக்கொண்டே,
எட்டுப் பேர்.