ஓரத்தில், பென்சிலால்

"மனச்சோர்வு உண்டா?" என்று கேட்டேன்.
"அப்படின்னா?"
காரப்பொடியின் குடலைப் பிதுக்கியபடி அஞ்சலாட்சி.
கட்டம் காலியாகவே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, மீனிடம் சொல்வதுபோல:
"படுத்தா மார்மேல நனைஞ்ச வலை கெடக்கு.
அவரு எடுத்துட்டுப் போனது."

அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

சோனாங்குப்பத்தில் அன்று ஒன்பது வீடு.
ஒன்பது வீட்டு டீயையும் குடித்தேன்.
மறுத்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

முதுநகரில் பஸ் ஏறியதும் போன்.
அறிக்கை கேட்கத்தான் என்று எடுத்தேன்.
"ராத்திரி தூங்குறியா, செங்கமலம்?"
தில்லைநாயகி மேடம்.

டிக்கெட்டை மடித்தேன், பிரித்தேன்,
மறுபடி மடித்தேன்.

"ஒன்பது வலை, மேடம்."

மறுமுனையில்
பேனாவை மூடும் சத்தம்.
"சொல்லு."

மணிக்கூண்டு நிறுத்தம் வந்தது.
நான் இறங்கவில்லை.