பதினொரு ஒன்றுகள்

சோயருக்கும் சைன்ஷாந்துக்கும் நடுவே
ஒற்றைத் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து
மறுபடி ஒன்றாகும் இடத்தில் எனக்கு வேலை.
சாளரத்துக்குள் அடங்கும் தந்திக் கம்பங்கள் பதினொன்று.
முதல் பனி விழுந்த அன்று
சரக்குப் பதிவேட்டின் பின்னட்டையில்
அவற்றை அப்படியே எழுதினேன்:

11111111111

ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே
பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று.
உரக்கச் சொன்னால் வாயில் புகை.

இது உடையுமா?

இரண்டு கிட்டவே வரவில்லை.
மூன்று, இலக்கங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.
ஐந்துக்குக் கடைசி ஒன்றே போதுமான பதில்.

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம். பிறகு பணம் தீர்ந்தது.
கையில் தங்கியது ஒரே ஒரு விதி:
இந்த வரிசையை உடைக்கும் பகா எண் எதுவானாலும்
இருபத்திரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சும்.
ஆகவே இருபத்திரண்டு இருபத்திரண்டாக எட்டு வைத்தேன்.
வழியில் தாமே உடைகிறவற்றைத் தாண்டிக்கொண்டு.

23. மீதி பத்து.
67. மீதி பதினெட்டு.
89. மீதி ஆறு; ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது,
ஆறு என்பது பூச்சியத்துக்குப் பக்கம் என்பதுபோல.

டிசம்பரில் பேனாவுக்குள் மை உறைந்தது.
பென்சிலுக்கு மாறினேன்.

வானொலியில் ஜம்பால்:
டோல்கோர்சுரேன், 1402 கடந்ததா?
கடந்தது.
(ஆயிரத்து நானூற்றிரண்டு: இரண்டு எழுநூற்றொன்று.
எழுநூற்றொன்று உடையாது.
இதையெல்லாம் அவனிடம் சொல்வதில்லை.)

உலான்பாதாரில் தங்கை மகனின் கைபேசி
கண் இமைப்பதற்குள் விடை சொல்லிவிடும். தெரியும்.
கேட்கவில்லை.

உடையக் கூடாது என்றுதான் எனக்கு ஆசை.
பதினொன்றே உடையாத எண்,
அத்தனை ஒன்றுகளும் ஒரே உயரம்,
எங்கே விரிசல் விடும்?

பிப்ரவரி, தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் எட்டு.
21649.
வகுத்தேன். கடைசி ஒன்றை இறக்கினேன்.
கழித்தேன்.
எதுவும் மிஞ்சவில்லை.
அடுப்பில் கரி சரிந்த சத்தம்.
மூன்று தரம் பெருக்கிப் பார்த்தேன்:
21649 × 513239.
மூன்று தரமும் கம்பங்கள் வந்து நின்றன.

ஏமாற்றம்தான். பொய் சொல்வானேன்.

பிறகு 513239-ஐ உடைக்க
பென்சிலைச் சீவி எடுத்தேன்.
23 என்று எழுதியதும் கை நின்றது.
இதை உடைப்பது அந்த வரிசையையும் உடைத்திருக்கும்.
இதன் வர்க்கமூலம் எழுநூற்றுச் சொச்சம்;
அதற்குக் கீழே எல்லாரும்
நவம்பரிலேயே வந்து, மீதி வைத்து,
தோற்றுப் போனவர்கள்.
நான் வீணென்று நினைத்த பக்கங்கள்
பார்க்கப்போனால் இதற்கான சாட்சியம்.
ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இது பகா எண்.

வெளியே தெற்கே போகும் நிலக்கரி வண்டி
சைகைக்காக ஊதிக்கொண்டிருந்தது.
எத்தனை நேரமாகவோ.

கடந்ததா, டோல்கோர்சுரேன்?

இல்லை, நிற்கிறது என்றேன்.
கையுறை தேடினேன்; ஒன்றுதான் கிடைத்தது.
விளக்கை எடுத்துக்கொண்டு போனேன்.