இருபத்தெட்டு மணி நேரம்

சனிக்கிழமை கடைசி நோயாளியின் இரத்தம்
அவருக்கே திரும்பிப் போய்ச் சேர மாலை நான்காகும்.
இயந்திரங்களைக் கழுவித் துடைக்க ஐந்து.
திங்கள் காலை ஆறுக்கு மறுபடி ஊசி.
ஞாயிறு இரவு ஒன்பதுக்குள் வீடு சேர்ந்தால்
நடுவில் இருபத்தெட்டு மணி நேரம் நம்முடையது
என்று விரல் மடக்கினாள் யோகா.

செந்தூல் டயாலிசிஸ் மையத்தின் பின்படிக்கட்டில்
நால்வர், நாலு பொட்டலம் மீ கோரேங்,
ஒரு கைப்பேசியில் வரைபடம்.

"கட்டடமே தெரியக்கூடாது" என்றாள் தவமலர்.
அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால்
எதிர் அடுக்ககத்தின் ஏர்கோன் பெட்டி
முகத்தில் மூச்சு விடும்.

செகிஞ்சான்?
அறுத்து முடித்துவிட்டார்களாம்.
தாளைப் பார்க்கவா பெட்ரோல் ஊற்றுவது?
ஃபிரேசர் மலை?
ரெஜினாவுக்கு வளைவு ஆகாது.
போன தடவை மூன்று பிளாஸ்டிக் பை.
போர்ட்டிக்சன்?
அது கடல். கடலுக்குப் போனால்
சொந்தக்காரர்களும் அங்கேதான் இருப்பார்கள்,
பிரியாணிச் சட்டியோடு.

யோகாவின் விரல் கோம்பாக் தாண்டிக்
காராக் சாலையில் ஏறியது.
சுரங்கத்தில் நுழைந்தது, வெளியே வந்தது,
வந்த இடத்தில் ஒரு கணம் நின்று
அடுப்பைத் தொட்டதுபோல் துள்ளிப்
பெந்தோங்கில் போய் விழுந்தது.

அது துள்ளிய இடத்தில் ஒரு பெயர் இருந்தது.
எல்லாரும் பார்த்தோம்.
எல்லாரும் குனிந்து மீ தின்றோம்.

ஜண்டா பாய்க்.
நல்ல கைம்பெண் என்று பொருள்.
முக்கால் மணி நேரம்தான். ஆறு, மூங்கில், குளிர்.

புருஷன் செத்தாலும் விட்டுப் போனாலும்
மலாயில் ஒரே சொல்தான்.
பதின்மூன்று மாதமாக அரசாங்கப் பாரங்களில்
அந்தக் கட்டத்தில்தான் கோடு போடுகிறேன்.
தமிழில் எனக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள்.
அதில் ஒரு வெட்டு இருக்கிறது.
என் மாமி அதை அடுப்படியில் நின்று
குரலைத் தாழ்த்திச் சொல்வாள்,
தாழ்த்தினால் ஆழமாய்ப் பதியாது என்பதுபோல்.

இந்த மூவரும் எந்தச் சொல்லையும் சொன்னதில்லை.
சொல்லாமலிருக்க ஒரு மலையையே
வரைபடத்திலிருந்து தூக்கி ஒளிக்கிறார்கள்.
அன்பு சில சமயம்
இப்படித்தான் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும்.

"பெந்தோங்கில் என்ன இருக்கு?" என்றேன்.
"இஞ்சி" என்றாள் யோகா.
"இஞ்சி பார்க்கவா இருபத்தெட்டு மணி நேரம்?"
"நல்ல இஞ்சிடி" என்றாள், குரலே எழும்பாமல்.

"ஜண்டா பாய்க் போவோம்."

கீழே கொம்யூட்டர் ரயில் ஒன்று போய் முடியும்வரை
யாரும் வாய் திறக்கவில்லை.
பிறகு ரெஜினா மெல்ல,
"அங்கேயும் வளைவு இருக்கு."
"உனக்கு நாலு பை" என்றேன்.
மிளகாய் மூக்கில் ஏறித்
தவமலருக்குக் கண்ணீர் வந்தது.
மிளகாய்தான் என்றாள்.

தங்கும் வீட்டுக்காரி போனில் கேட்டாள்,
கணவன்மாரும் வருகிறார்களா, எத்தனை மெத்தை?
மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
இன்னும் மூன்று அனுமதி வாங்கவேண்டும்,
மூன்று ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு
சனிக்கிழமையே வைக்கவேண்டும்,
யோகாவின் மகனுக்குச் செவ்வாய் பரீட்சை வேறு.
எனக்குக் கேட்க ஆள் இல்லை.
"நாலு மெத்தை" என்று சொல்லி
எழுபது வெள்ளி முன்பணத்தை
நின்ற இடத்திலேயே அனுப்பினேன்.

மைவியின் பின்டயரைப் பார்க்கவேண்டும்.
நெத்திலிச் சம்பல் ரெஜினா.
அரிசி அங்கேயே வாங்கலாம்.
மழை வரும் என்கிறது கைப்பேசி.
வரட்டும், கூரை இருக்கிறது.

"நல்லவளுக்கு ஓர் ஊர் இருந்தால்
கெட்டவளுக்கும் எங்கேயாவது இருக்கணுமே?"
என்றாள் தவமலர்.
"தேடி வை. அடுத்த மாதம்."

மேலே ஏழாம் எண் இயந்திரம் கத்தத் தொடங்கியது.
யாரோ கையை மடக்கியிருப்பார்கள்.
மீதி மீயைச் சுருட்டிக்கொண்டு
படியேறினோம்.