ஆயிரத்தில் ஒரு பங்கு

முதல் வருடம் நான் எடுத்ததெல்லாம்
மஞ்சள் புகை.
புகைக்குக் கீழே சில ஷூக்கள்.
சட்டை எண்ணை வைத்து
இது என் மகன் என்று சொல்லிக்கொண்டேன்;
ஏழும் ஒன்றும் அதில் ஒன்றுபோலிருந்தன.

வாவுரில் மைதானம் கடலோடு ஒட்டியது.
பந்து வேலி தாண்டினால்
படகு வைத்திருக்கும் அப்பா யாராவது போவார்.
ஃபரோ மழை மேலிருந்து வராது,
பக்கவாட்டில் வரும்.
செப்டம்பரில் மூன்று மணிக்கே விளக்கு போடுவார்கள்,
அதிலும் பாதியை மூடுபனி தின்றுவிடும்.

சால்மன் ஆலையில் எனக்கு இரவு ஷிப்டு.
தோலுரிக்கும் இயந்திரத்தின் முன் நின்றபடி
மனசுக்குள் கணக்கு:
விநாடியை ஐந்நூறாக நறுக்கினால் கால் கலங்குகிறது.
எண்ணூறு. முகம் சரி,
பந்துதான் முட்டையாக நீள்கிறது.
ஆயிரம் வேண்டும்.
வெளிச்சம் போதாதென்று கேமரா முனகினால்
ஐ.எஸ்.ஓ.வை ஏற்று,
படத்தில் மணல் விழுந்தால் விழட்டும்.
மணலை மன்னிக்கலாம்.

பிறகு மண்டியிடக் கற்றேன்.
நின்று எடுத்தால் உச்சந்தலைகள்தான் கிடைக்கும்.
பத்து வயதின் கண்கள்
என் இடுப்புக்குச் சற்று மேலே இருக்கின்றன;
அந்த உயரத்திலிருந்து பார்த்தால்
எதிரணிப் பையன் ஒவ்வொருவனும் ஒரு மலை.
பந்தைத் துரத்தாதே,
பந்து போய்ச் சேரப்போகிற பிள்ளையைப் பார்.
ரோயியின் அம்மா கேட்டாள்,
"அந்த மூக்குச்சளியை மட்டும் எடுத்துவிட முடியுமா?"
அவ்வளவு தெளிவாக எடுக்கத் தொடங்கியிருந்தேன்.

தோர்ஸ்ஹவ்ன் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் கப்பலில் வந்தார்கள்,
பாதிப் பேர் வாந்தியெடுத்து வெளிறி.
இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிடம்.
நடுவர் பெண்ணுக்குப் பதினைந்து வயது,
கண்ணாடி முழுக்க மழை.
கார்னர்.
பெய்ந்தா எழும்பினாள்.
என் விரல் அழுத்தியபடியே இருந்தது.
கோல்!

அன்றிரவு சமையலறை மேசையில்
ஒன்பது ஃப்ரேம்கள்.
ஐந்தாவதில் பந்தே இல்லை.
ஏழாவதில் வலை வீங்கியிருக்கிறது.
ஆறாவதில்
பந்து அவள் மணிக்கட்டில்,
அழுந்தி, ஒரு பக்கம் சப்பையாகி.
கையுறையிலிருந்து தெறிக்கும் துளிகளை எண்ணலாம்.
எண்ணினேன், பதினான்கு.
பந்தின் தையல் தெரிகிறது.
அவள் கண்ணும் தெரிகிறது.
அது பந்தைத்தான் பார்க்கிறது.

இப்படி ஒரு படத்துக்காகத்தான்
மூன்று வருடம் ஈரத்தில் முழங்காலை ஊன்றினேன்.

ரொட்டிக்கடைச் சன்னலில் ஒட்ட
ஏழாவதை அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை
சாக்ஸை இழுத்துவிட்டபடி வந்து நின்றாள்.
"இதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குமே?"
"கலங்கிப்போச்சு பெய்ந்தா."
"நீங்கதான் கலங்கலா எடுக்கவே மாட்டீங்களே."

மூன்று வருடத்தில் கிடைத்த ஒரே பாராட்டு.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?
திரையைக் காட்டினேன்.

பெரிதாக்கினாள்.
மணிக்கட்டு. துளிகள்.
ஒன்றும் சொல்லவில்லை.
படத்தை இன்னும் மேலே தள்ளி
நான் பார்க்கவே பார்த்திராத அடிமூலைக்குப் போனாள்.

"என் ரெண்டு காலும் தரையில இல்ல."

இல்லைதான்.
ஷூவுக்கும் செயற்கைப் புல்லுக்கும் நடுவே
ஒன்றரைச் சாண் வெறும் காற்று.
அதையும் துல்லியமாகத்தான் எடுத்திருந்தேன்.

"எனக்கு அனுப்புங்க."
ஓடத் தொடங்கி, நின்று,
"அப்பாவுக்கு வேண்டாம்."

லென்ஸில் உப்பு. துடைத்தேன்.
மண்டியிட்டேன்.
கட்டைவிரல் சக்கரத்தின் மேல் தயங்கியது;
ஐம்பதுக்குத் திருப்பிவிட்டால்
எல்லாரும் மறுபடி புகை,
யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.

விசில் ஊதியாயிற்று.
பெய்ந்தா வலப்பக்கமாக ஓடுகிறாள்,
பந்து இன்னும் அவளிடம் வரவில்லை.