நாலு துளை

கெய்சர் வீதியில் ஒரு துணிக்கடைக்குப்
பதினாறு கமரா பூட்டிய கிழமைதான்
முதன்முதலாக இரத்தம் கண்டேன்.
மூலம் என்று எனக்கு நானே சொன்னேன்.
ஒரு வருசம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.
மனிசிக்கும் சொல்லவில்லை.
எந்த வாயால் கதைப்பது அந்த வாசலைப் பற்றி?

பிறகு ஒரு பரிசோதனை, ஒரு கடதாசி.
பொரளைச் சந்தியில் நின்று வாசித்தேன். ஆங்கிலம்.
விளங்கிய ஒரு சொல் போதுமாயிருந்தது.
மூன்று பஸ் போக விட்டேன்.

டொக்டர் விக்கிரமநாயக்க தாளில் கீறிக் காட்டினார்.
சிங்களத்தில்தான் பேசினார்,
"நோவு குறைவு" என்பதை மட்டும் தமிழில்.
வயிற்றைத் திறப்பதில்லை. நாலு துளை.
தொப்புளடியில் ஒன்று, அதில் கமரா.
சிரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்.
"சேர், அது என்ர தொழில்."
"அப்ப உமக்குத் தெரியும்,
சுவரை உடைக்காமல் வயர் இழுக்கிற விதம்."
தெரியும்.
ஒரு துளை பிழைத்தால்
பின்னால் ஓடும் தண்ணீர்க் குழாய் வெடிக்கும் என்பதும்
தெரியும். அதை அவருக்குச் சொல்லவில்லை.

முதல்நாள் தூள் கரைத்த தண்ணீர், நாலு லீற்றர்.
இரவு முழுக்க வாட்டுக்கும் கக்கூசுக்கும் நடை.
பக்கத்துக் கட்டில் நஸூர்தீன்,
கொம்பனித்தெரு, மீன் லொறி ஓடியவர்,
சாரத்தைத் தளர்த்திக் காட்டினார்:
நெஞ்சுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரை தண்டவாளம்.
"எனக்குத் தொறந்துதான் செஞ்ச, தம்பி.
நேரமில்ல. உள்ளுக்க வெடிச்சிட்டு."
இடப்பக்கம் ஒரு பை.
தூங்கும் பிள்ளையின் முதுகைத் தட்டுவதுபோலத் தட்டினார்.
"இவன்தான் இப்ப என்ட கிளீனர்."

மயக்கம் ஏறுமுன் கடைசியாகக் கண்டது திரை.
நீலமாக இருந்தது.
வயர் கொழுவி முடிக்குமுன்
எந்தத் திரையும் காட்டும் அதே நீலம்.
அதன்பின் நான் அங்கே இல்லை.

வயிற்றை ஊதிக் கூடாரமாக்கினார்களாம்.
மூன்றரை மணித்தியாலம்
முன்பின் தெரியாத ஐந்து பேர்
நான் ஒருநாளும் காணாத என் அறையை
நடந்து பார்த்திருக்கிறார்கள்.
ஒரு சாண் வெட்டி, மிச்சத்தைப் பொருத்தி,
நெருப்புப்பெட்டி நீள வாசலொன்றால்
வெட்டியதை வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

விழித்தபோது நொந்தது தோள்.
வயிற்றில் வேலை செய்தவர்கள் தோளை என்ன செய்தார்கள்?
"ஊதின கேஸ்தான்" என்றார் மிஸ்ஸி.
"மிச்சம் கொஞ்சம் உள்ளுக்கு நிக்குது."

அதன்பிறகு எல்லாருக்கும் ஒரே கேள்வி.
டொக்டர் கேட்டார். மிஸ்ஸி கேட்டார்.
கஞ்சி கொண்டுவந்த மனிசி, குனிந்து, காதுக்குள் கேட்டாள்.
கொட்டாஞ்சேனையிலிருந்து மாமி
போனில் சுகம் விசாரித்து, இருமி, கடைசியில் கேட்டா:
காற்றுப் போச்சுதா?
நாற்பத்தாறு வருசம் சபையில் அடக்கப் பழகியதை
ஒரு சபையே காத்திருந்தது.

மூன்றாம் நாள், விடிய நாலேகால்.
வாட்டின் அந்தக் கோடிக்கும் கேட்டிருக்கும்.
இருட்டில் நஸூர்தீன் கை தட்டினார்.
மனிசிக்கு மெசேஜ் போட்டேன்: வந்திட்டுது.

கிளினிக்கில் கேட்டேன்,
"சேர், ரெக்கோடிங் இருக்கா?"
"அழிந்திருக்கும். முப்பது நாள்தான் நிற்கும்."
கடைக்காரர்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன்.

எடுத்த துண்டோடு போன பதினெட்டுக் கணுக்களில்
ஒன்றில் மட்டும் இருந்ததாம்.
அதனால் இப்போது வியாழக்கிழமைகளில் மகரகமை,
மற்ற நாட்களில் புறக்கோட்டை.
முதலாளி சேர்ட்டைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்.
"நுளம்பு கடிச்ச மாதிரிக் கிடக்கு.
இதுக்கா ஆறு கிழமை லீவு?"

ட்ரில்லை வைக்குமுன்
சுவரில் உள்ளங்கையை வைக்கிறேன் இப்போதெல்லாம்,
கொஞ்ச நேரம்.
ஏணியைப் பிடித்திருக்கும் பொடியன்
அண்ணே, கரண்ட் போகப்போகுது என்கிறான்.