சென்ட் என்ன விலை

ஏரி தெரிந்தால் பதினெட்டு லட்சம்.
ஏரியின் ஒரு மூலை மட்டும்,
அதுவும் யூக்கலிப்டஸை வெட்டினால், பதினொன்று.
ஏரி தெரியாது, குதிரைச் சாணி வாசம் மட்டும் வரும்
என்றால் எட்டரை.
குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுச்
சொல்லிக்கொண்டே நடக்கிறார் இஞ்ஞாசி.
எங்கள் வாடகை வீடு மொத்தமும்
ஒரு சென்ட்டுக்குள் அடங்கிவிடும்,
துணி காயப்போடும் கொடி உட்பட.

கையிலிருப்பது இருபத்தாறு லட்சம்:
என் பி.எஃப்., தெக்லாவின் சீட்டு, எட்டுப் பவுன்,
சொசைட்டிக் கடன்.
அதில் மண்ணும் வாங்க வேண்டும்
மண்மேல் சுவரும் நிற்க வேண்டும்.

நான் மின்வாரியம்.
இடத்துக்கு முன்னால் கம்பத்தைப் பார்ப்பேன்.
ட்ரான்ஸ்பார்மர் எவ்வளவு தூரம்,
எந்த மரம் சாய்ந்தால் எந்தக் கம்பி அறும்.
தெக்லா வேறு மாதிரி.
அவள் கைப்பையில், சோற்று டப்பாவுக்குள்,
நனைத்துப் பிழிந்த கைக்குட்டை ஒன்று இருக்கும்.
போனதும் அதை வேலியிலோ பேரிக்காய்க் கிளையிலோ விரித்துவிட்டு
வார்டில் நாடி பார்க்கும் அதே கடிகாரத்தைப் பார்ப்பாள்.

பாம்பார்புரத்தில் மூன்று மணி நேரம். காயவில்லை.
கிழக்கே மலை மறைக்கிறது.
பத்தரைக்குத்தான் வெயில் வருமாம்
இரண்டரைக்குக் கிளம்பிவிடுமாம்.
"உங்க ஆபீஸ் மாதிரி" என்றாள்.

நாயுடுபுரத்தில் காய்ந்தது.
ஆனால் பாதை மூன்றடி.
செங்கல்லைத் தலையில்தான் இறக்க வேண்டும்.
"ஒருநாள் நம்மைத் தோள்ல ஏத்தணுமே, திரும்ப முடியுமா?"
என்று வளைவில் நின்று அளந்தாள்.

அட்டுவம்பட்டியில் தண்ணீர் லாரியில் வரும்,
வந்தால்.

பெருமாள்மலையில் விலை பாதி, மூடுபனி முழுசு.
"இந்த மூட்டத்துக்குத்தான் மெட்ராஸ்காரங்க
காசு குடுத்து மேல வர்றாங்க" என்றார் இஞ்ஞாசி.
"அவங்க ரெண்டாம் நாள்
ஈரத்துணியை அப்படியே மடிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க அண்ணே."

ஆறாவது ஞாயிறு, பூசை முடிந்து, வில்பட்டி இறக்கம்.
கேரட் பிடுங்கிய பாத்தி. அடுத்தது பூண்டு.
எதிரே இன்னொரு சரிவு, அதில் தகரக்கூரைப் பள்ளிக்கூடம்.
காட்டெருமை நடந்துபோன குளம்படிகளில்
மழைத்தண்ணீர், கிண்ணம் கிண்ணமாக.
"வியூ கிடையாது, மறைக்காம சொல்லிடறேன். மூணேகால்."
கம்பத்தைப் பார்த்தேன். நேராக நின்றது.
பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு புயலுக்கு மறுநாள்
அதை நட்டவர்களில் நானும் ஒருவன்.
நாலு சென்ட் பதிமூன்று.
மிச்சம் பதிமூன்றுக்குச் சுவர். கூரையைக் கடவுள் பார்ப்பார்.

கைக்குட்டை நாற்பதே நிமிடத்தில்
அப்பளம் போலானது.
தெக்லா அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்,
கண்ணை மூடி.
பேரம் பேசப்போகிறவர்கள் செய்யக்கூடாத காரியம்.
இஞ்ஞாசி பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாற்பது பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில்
அது முள்கம்பியிலேயே தங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு அட்வான்சோடு போனோம்.
சரிவில் ஒரு வெள்ளைக் கார்.
கோயம்புத்தூர்க்காரர், மனைவி, தூங்கும் குழந்தை.
முள்கம்பி ஓரம் இஞ்ஞாசி,
கையில் நீலக்கரை போட்ட கைக்குட்டை,
மூலையில் சிவப்பு நூலில் 'தெ'.

"வியூவை விடுங்க சார், வியூ சோறு போடுமா?
இங்க துணி நாப்பது நிமிஷத்துல காயும்.
இப்பத்தான் நனைச்சுப் போட்டேன், தொட்டுப் பாருங்க.
சென்ட் நாலேமுக்கால்."

எங்களைப் பார்த்ததும் அவர் வாய் பாதியில் நின்றது.

நான் பணப்பையை இறுக்கிக்கொண்டேன்.
தெக்லா வழிப்போக்கி போல இறங்கிப் போனாள்,
அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று
கைக்குட்டையை ஒரு விரலால் தொட்டாள்,
முகம் சுளித்தாள்.

"இன்னும் ஈரமாத்தானே இருக்கு."