வாலிநோக்கம், ஈரப்பதம் 84

ஜெசிமாவுக்குக் கண் எரிகிறது.
கல்யாணமாகி நாற்பது நாள்.
தாய்வீட்டு நினைப்பு என்றது தெரு.
எனக்கு அலமாரிமேல் சந்தேகம்.

சீராக வந்த நான்கு கதவு அலமாரி,
மரத்தூளைப் பசைபோட்டு அழுத்திய பலகை.
கதவைத் திறந்தால் பட்டுக்கு முன்னால்
ஃபார்மால்டிஹைடு வெளியே வரும்.
மீட்டரில் 0.31.
"எவ்வளவு இருக்கலாம்?" என்றான் சீனி.
0.08.
"அப்ப மாமா தந்ததைத் திருப்பிக் கொடுக்கவா?"
கேட்டுவிட்டு அவனே சிரித்தான்.

என் பையில் பிளாட்டினம் இல்லை.
அதற்கு எழுதிய விண்ணப்பம்
இரண்டு வருடமாக டெல்லியில் தூங்குகிறது.
இருந்தது செத்த டார்ச் பேட்டரி,
ராத்திரி நண்டுக்குப் போகிறவர்கள்
கரையில் வீசியது, கிலோக்கணக்கில்.
உடைத்துக் கரிக்கோலை உருவி
கறுப்பு மாவை ஏழு தண்ணீரில் அலசி
சுட்டு
ஓட்டுச் சில்லுகளில் பூசினேன்.
மாங்கனீசு வினையூக்கி.
சில்லு ஒன்றுக்கு அறுபது பைசா.

ஆய்வகத்தில் அது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தின்றது.
அது சிலிண்டர் காற்று, உலர்ந்த காற்று,
ஊரே இல்லாத காற்று.

இங்கே கொண்டல்.
முதல் ராத்திரி விடிவதற்குள்
சில்லின் துளை ஒவ்வொன்றிலும்
தண்ணீர் பாய்விரித்து உட்கார்ந்துவிட்டது.
நஞ்சு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்து
ஜெசிமாவின் கண்ணுக்கே திரும்பியது.
0.29.

ஈரமே கூடாது என்றில்லை,
வினை நடந்த இடத்தைத் துடைத்துவிடக்
கொஞ்சம் வேண்டும், குழம்புக்கு உப்புபோல என்றேன்.
"உப்பளத்து ஊர்ல வந்து
உப்புக் கணக்கு சொல்றீங்க" என்றாள்.

இடம் கண்டுபிடித்ததும் அவள்தான்.
கைக்குட்டை காயப்போடும் இடம்,
ஃபிரிட்ஜின் முதுகு.
அலமாரிக்கு ஒரு முழம் தள்ளி
வெதுவெதுப்பான கறுப்புக் கம்பிகள்.
காற்று தானே மேலேறும், விசிறி வேண்டாம்.
கிழிந்த வலைத்துண்டில் சில்லுகளை முடிந்து
தொங்கவிட்டோம்.
நான் வரைந்த வெப்பநிலைக் கோடுகள்
எதிலும் ஒரு ஃபிரிட்ஜ் இல்லை.

0.22.
0.17.
பத்தாம் நாள் 0.11,
அங்கேயே நிற்கிறது.

போதாது என்று அறிக்கையில் எழுதினேன்.
பகலில் சன்னல் திறந்திருக்கட்டும் என்றும்.
எரிச்சல் எப்படி என்றதற்கு
ஜெசிமா யோசித்தாள்.
காலையில் இல்லை.
அந்தியில் கொஞ்சம்.
அது தாய்வீடாகவும் இருக்கலாம்.

வெளியே வெயிலில் நெத்திலியைப்
புரட்டிக்கொண்டிருந்த சீனி கேட்டான்:
"இந்த வாசத்தையும் எடுத்துருமா அது?"
எடுக்காது.
"நல்லது.
பதம் பாக்க எனக்கு மூக்குதான் இருக்கு."